திரை திக்குதுங்க, அம்மிணி

அவர் எதையும் நேராகப் பார்க்க மாட்டார். கோளாறான திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தால், அதைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். திரை அவருடைய இடது காதுக்கு நேராக இருக்கும். அப்படியே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அசையாமல் இருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, யாரிடமோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும்.

“நேராப் பாத்தா கண்ணு இட்டுக்கட்டிக்குமுங்க,” என்பார். “நடுவுல விட்டுப் போனத அதுவே நெரப்பிக்கும். ஓரத்துல பாத்தாத்தான் உள்ளது தெரியும்.”

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்கா. வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரில் வருவார். முன்னால் மாட்டிய ஒயர் கூடையில் ஸ்க்ரூடிரைவர்களும் சுருட்டிய கேபிள்களும் இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் நான் அதைத் திமிர் என்று நினைத்தேன்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் அப்போது டிசைனராக இருந்தேன். இன்னும் தைக்காத சட்டையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தைத்து, ஒரு பெண் பொம்மைக்கு மாட்டி, அவளை நடக்கவிட்டு வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவதுதான் என் வேலை. துணி எப்படி விழுகிறது, எங்கே இழுக்கிறது என்று அவர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அதற்காக முதலாளி ஒரு புதுத் திரை வாங்கிக் கொடுத்தார். பழைய திரை இடது பக்கம் இருந்தது. அதில் கீழ்த்தள கட்டிங் பகுதியின் கேமரா படம் நாள் முழுதும் ஓடும். சாம்பிள் வெட்டும்போது நான் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் வைத்த ஏற்பாடு.

புதுத் திரை வந்த நாளிலிருந்து பொம்மையின் நடை சரியில்லை. நாலு அடி நன்றாக வைப்பாள். ஐந்தாவது அடியில் முழங்கால் ஒரு கண நேரம் நின்று, பிறகு போகும். வீடியோ காலில் பார்த்த வெளிநாட்டுப் பெண், துணி குதிக்கிறது என்றாள். டவுனிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கேபிளை மாற்றினார். இன்னொருவர் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார். அதற்கப்புறம்தான் யாரோ சொல்லி அக்கா வந்தார்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது திரையை அணைக்கச் சொன்னார். பொம்மை ஒழுங்காக நடந்தாள். மறுபடி போட்டு, கேமரா படத்தை மட்டும் மூடச் சொன்னார். அப்போதும் ஒழுங்காக நடந்தாள். கேமரா படத்தைத் திறந்ததும் முழங்கால் நின்றது.

“திரை திக்குதுங்க, அம்மிணி,” என்றார். “கார்டுக்கு ஒண்ணுமில்ல. பழசு நொடிக்கு அறுபது தடவ படம் மாத்துது. புதுசு நூத்தி நாப்பத்தி நாலு தடவ. ரெண்டுலயும் ஒரே நேரத்துல அசைவு இருந்தா, ரெண்டையும் சேத்து ஓட்டறதுக்குச் சிஸ்டம் தடுமாறுது. அறுபது நூத்தி நாப்பத்தி நாலுக்குள்ள முழுசா அடங்கறதில்ல பாருங்க. அதனால அப்பப்ப ஒரு படத்த முழுங்கிருது.”

புதுத் திரையை நூற்றிருபதில் வைத்தார். அறுபதின் இரட்டை. கேமரா படம் ஓடும் பிரவுசரில் ஏதோ ஒரு அமைப்பை அணைத்தார். பின்னால் குனிந்து, கம்ப்யூட்டரின் வேறொரு துளையில் சொருகியிருந்த பழைய திரையின் கேபிளைப் பிடுங்கி, இரண்டையும் ஒரே கார்டில் சொருகினார். பொம்மை தண்ணீரில் போவது போல நடந்தாள். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒண்ணு திக்குதுங்க,” என்றார். “இந்தப் பொம்ம இல்ல. பழைய திரையில. கேமராப் படத்துல.”

கேமராவில் கட்டிங் பகுதி தெரிந்தது. ஏழெட்டுப் பேர் துணி விரித்துக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். மூலையில் பேண்ட் நைஃப் மிஷின். ஓடிக்கொண்டே இருக்கும் நீளமான கத்திக்குள் துணிக்கட்டைக் கையால் தள்ளி வளைத்து வெட்டுவார்கள். அதில் செல்வராஜ் நின்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அமைதியானவர்.

“அந்த வெட்டறவரு மட்டும் நிக்கறாருங்க. மத்தவியெல்லாம் ஓடறாங்க. அவரு மட்டும் நின்னு நின்னு வர்றாரு.”

நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள். ஒரே படத்தில் ஓர் ஆள் மட்டும் எப்படிக்கா திக்குவார் என்று கேட்டேன். அதுதான் தனக்கும் புரியவில்லை என்று அவர் கீழே போனார். பேக்கிங் பகுதியிலிருந்த கேமராவைக் கழற்றி வந்து கட்டிங்கில் மாட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தார். “கேமரா மாத்தியும் அவரு நிக்கறாருங்க,” என்றார்.

மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். “அவர அந்த மிஷினுல நிறுத்தாதீங்க, சாமி. வேற எதாச்சும் வேலையில போடுங்க.”

மேனேஜர் சிரித்தார். “நீங்க சிஸ்டத்தப் பாருங்க்கா. ஆளுகள நாங்க பாத்துக்கறோம்.”

நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் சிரித்தது உண்மை. கீழே போய்ச் செல்வராஜிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபது படி இறங்க வேண்டும். அன்று எனக்கு வேலை இருந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே சத்தம் கேட்டது. இடது திரையில் பார்த்தேன். எல்லோரும் மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் மட்டும் நின்ற இடத்தில் நின்று, துணியைத் தள்ளும் பாவனையில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வலியே தெரியல மேடம்,” என்றார். “துணி வந்துட்டு இருந்துச்சு. பொறவு ரத்தம் இருந்துச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

அவருக்கு உள்ளுக்குள் வலிப்பு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறது. விழுவதும் இல்லை, வெட்டி இழுப்பதும் இல்லை. இரண்டு மூன்று விநாடி ஆள் இருக்க மாட்டார், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன பிறகு அவருடைய மனைவி, சோறு தின்னும்போது அப்படிச் சிலநேரம் இருப்பார், ஊர் நினைப்பு என்று இருந்துவிட்டேன் என்று அழுதார்.

கம்பெனியில் பேச்சு வேறு மாதிரிப் போனது. அந்தம்மாவுக்குக் கருநாக்கு என்றார்கள். அக்கா அடுத்த முறை வந்தபோது, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் தைரியமாகக் கிட்டே வந்து, “என்னையப் பாத்துச் சொல்லுங்கக்கா, நானும் நிக்கறனா?” என்று கேட்டாள். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு கம்பெனியில் அவரைக் கூப்பிடவில்லை. அந்த வட்டாரத்தில் மற்ற கம்பெனிகளும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தக் கண் அவருக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். இருபது வயதிலிருந்து பதினான்கு வருடம், துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணியில் குறை பார்த்தவர் அவர். வெளிச்சம் போட்ட கண்ணாடி மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஊசி ஒரு கண்ணியை விட்டிருந்தால்கூட மிஷினை நிறுத்த வேண்டும். “துணியப் பாத்தா துணிதான் தெரியுமுங்க. விட்டுப் போனது தெரியாது,” என்றார். “துணியப் பாக்காம இருக்கப் பழகோணும்.” பிறகு துணி பார்க்கவும் ஒரு கேமரா மிஷின் வந்தது. அதைச் சரி செய்ய வருகிறவர்களின் பக்கத்தில் நின்று நின்று கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவராகவே ஒருமுறை, “ஒரு மூஞ்சியவே தெனமும் பாக்கறது என்னால ஆவாதுங்க,” என்றார்.

அடுத்த வருடம் நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்தேன். கம்பெனியிலிருந்து ஒரு புதுத் திரை கொடுத்தார்கள். பக்கத்தில் எங்கள் வீட்டுப் பழைய திரையை வைத்தேன். பொம்மை மறுபடி திக்கினாள். அவர் செய்ததையெல்லாம் ஞாபகம் வைத்துச் செய்து பார்த்தேன். நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன். வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டு, வருகிறேன் என்றார்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் மகள் இனியா பள்ளியிலிருந்து வந்து, கூடத்தில் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. பாடத்தில் கவனமே இல்லை என்று டீச்சர் டைரியில் எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன்.

அக்கா வழக்கம்போல நாற்காலியைத் திருப்பினார். அங்கிருந்து பார்த்தால் கூடம் அவருடைய வலது பக்கம் இருந்தது. வேலை செய்துகொண்டே வந்தவர் நடுவில் கையை எடுத்துவிட்டார். பந்து சுவரில் படும் சத்தம் நின்றிருந்தது. நானும் திரும்பினேன். பந்து இனியாவின் காலைத் தாண்டி உருண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் நின்றது. அவள் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். “அம்மா, பந்த எடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

“தூங்கி வழியாம வெளையாடு,” என்றேன்.

அக்கா வேலையை முடிக்கவில்லை. தலைவலிக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். ஸ்க்ரூடிரைவரை மேஜை மேலேயே விட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“ராத்திரியெல்லாம் தூங்கலீங்க அம்மிணி. சொல்லலாமா வேண்டாமான்னு,” என்றார். “நான் சொல்றதால வர்றதில்லீங்க. அத மட்டும் நம்போணும். பாப்பா படிக்காம இல்லீங்க. கவனம் இல்லாமயும் இல்ல. நடுநடுவுல பாப்பாவே இல்லாமப் போயிட்டு வருது.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. என் குழந்தை மேல் வாய் வைக்காதீர்கள் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். என் கணவர், இனிமேல் அவரை வீட்டுப் பக்கம் விடாதே என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இனியாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இட்லித் துண்டு வாய்க்கு அருகில் வந்து நின்றது. கண்ணிமை மெல்லத் துடித்தது. மூன்று விநாடி, நான்கு விநாடி. பிறகு இட்லி வாய்க்குள் போனது. அவள் சொல்லிக்கொண்டிருந்த கதையை விட்ட இடத்திலிருந்து சொன்னாள். அடுத்த நாள் காலையில் இரண்டு முறை பார்த்தேன். மாலையில் நாலு முறை. கணவருக்கு ஃபோனில் படமெடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அதுவரை எத்தனை நாளாக அவள் எங்கள் முன்னால் இப்படிப் போய்ப் போய் வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, பழைய ஞாபகங்களில்கூட அவள் முழுதாக இருந்தாளா என்று சந்தேகம் வந்தது.

கோயம்புத்தூரில் டாக்டர் அவளிடம் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஊதினாள். காற்றாடி வேகமாகச் சுற்றியது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு சுற்றல் மெதுவாகி, நின்றது. இனியா உதட்டைக் குவித்தபடியே இருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, “பாத்தீங்களாம்மா?” என்றார்.

குழந்தைகளுக்கு வருகிற வலிப்புதான், மருந்தில் அடங்கும், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்றார். அப்படியே ஆனது. ஆறு மாதத்தில் டீச்சர் டைரியில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அந்த ஆறு மாதமும் நான் அக்காவைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவருடைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு விசாரித்துப் போனேன். வேலம்பாளையத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மேஜை மேல் ஐந்து திரைகள். ஐந்திலும் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இனியாவைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பாப்பா நல்லாயிருக்குதா, அது போதுமுங்க என்றார். பிறகு கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க அம்மிணி. ஒரு திரை திக்குனா திரையில கோளாறு. ரெண்டும் திக்குனா ரெண்டும் ஒத்துவரல. அஞ்சும் திக்குனா?”

“கம்ப்யூட்டர்ல இருக்கும்க்கா.”

“அஞ்சும் வேற வேற கம்ப்யூட்டருங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு மாசமா எல்லாமே திக்குது. ரோட்டுல பஸ்ஸு திக்குது. போன வாரம் மழ பெஞ்சுது, மழையும் நின்னு நின்னு உளுந்துது. அப்பக் கோளாறு எங்க இருக்குது?”

நான் திரும்பித் திரைகளைப் பார்த்தேன். ஐந்திலும் கோடு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

“என்னைய நானே ஓரத்துல பாக்க முடியாதுங்களே,” என்றார். “கொஞ்ச நேரம் நீங்க பாருங்க. நான் பாட்டுக்கு வேலையச் செய்யறேன்.”

கேட்டுக்கொண்டதற்காக ஒருவரை இப்படிக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை நான். அவர் அடுப்படிக்குப் போனார், வந்தார். கூடையைக் கொட்டிக் கேபிள்களைச் சுருட்டினார். ஏதேதோ பேசினார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து, நின்றபடியே எனக்கு டம்ளரில் ஊற்றினார். “எங்க அண்ணன் கணியூர்லதான் இருக்கா” என்று பேசிக்கொண்டிருந்த பேச்சு அறுந்தது. டீ விழுந்துகொண்டே இருந்தது. டம்ளர் நிறைந்து, வழிந்து, மேஜையில் ஓடி, என் மடியில் சொட்டியது. அவருடைய கண் என் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் யாரும் இல்லை. சுட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“ருங்க,” என்று முடித்தார். “கரும்புதான் போடறாரு.” அப்புறம்தான் மேஜையைப் பார்த்தார். துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தார்.

“பாத்தீங்களா?”

“ஆமாங்க்கா.”

“எவ்வளவு நேரம்?”

“அஞ்சு விநாடி இருக்கும்.”

அவர் பெருமூச்சு விட்டார். தேர்வில் தேறிய மாதிரி முகம் தெளிந்தது. திரும்பி அந்த ஐந்து திரைகளையும் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். “அப்ப இதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றார்.

அதே கோயம்புத்தூர் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேனில் மூளையில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. மாத்திரை கொடுத்து, இனி ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது என்றார். ஸ்கூட்டர் இல்லாமல் அவருக்கு ஏது வேலை? கணியூரிலிருந்து அண்ணன் வேன் பிடித்து வந்து அழைத்துக்கொண்டு போனார். திரைகளை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஃபோனில் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் நான் கூப்பிடுவேன். போன மாசியில் ஒரு நாள் காலை நல்ல உற்சாகமாகப் பேசினார். சத்துணவுக் கூடத்துக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கப் போவதாகச் சொன்னார். “இங்க திரையே இல்லீங்க அம்மிணி. டிவியக்கூட அண்ணன் உள் ரூமுக்கு மாத்திட்டாரு. வாசல்ல உக்காந்து கரும்புக்காட்டப் பாத்துட்டு இருப்பேன். காத்தடிச்சா,” என்றவர் நின்றுவிட்டார்.

தொடர்பு அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். அறுபடவில்லை. அந்தப் பக்கம் கோழி கத்துவதும் தூரத்தில் மோட்டார் ஓடுவதும் தெளிவாகக் கேட்டன. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், நடுவில் நின்றுபோனது அவருக்குத் தெரிந்துவிடும். கோழி ஓய்ந்தது. மோட்டாரும் நின்றது. யாரோ வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. “ஃபோனுல ஆருங்க?” என்று ஒரு பெண் குரல். பதில் இல்லை. அந்தக் குரல் ஃபோனுக்குள் வந்தது. அக்காவின் அண்ணி. நான் யாரென்று சொன்னேன்.

“மாத்திரையெல்லாம் நேரத்துக்குக் குடுத்தர்றனுங்க,” என்றார், நான் கேட்காமலே. பிறகு மெதுவாக, “இப்படி இருக்கறப்ப அவிய மூஞ்சி சிரிச்ச மாதிரியே இருக்குதுங்க. எழுப்பறதுக்கு எனக்கு மனசே வர்றதில்ல.”

அவர் ஃபோனை மறுபடி அக்காவின் காதில் வைத்திருக்க வேண்டும். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“கரும்பெல்லாம் ஒரே மூச்சாச் சாயுதுங்க, அம்மிணி,” என்றார் அக்கா. “ஒரு எடத்துலகூட நிக்கறதில்ல.”